கீறிய வாய்க்குள் நான் வைத்த சொல்

1

இன்று வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். விளம்பரக் கடதாசிகளுக்கு நடுவில் ஒரு மட்டை உறை கிடந்தது. மேலே கொண்டுவந்து, கையைக் கழுவிவிட்டுப் பிரித்தேன். உள்ளே ஒரு டிவிடி தட்டும் ஒரு துண்டுக் கடதாசியும் இருந்தன. கடதாசியில் ஜெர்மனில் இரண்டே வரி. உங்கள் பெட்டியில் இருக்கும் மூன்றாவது தட்டை இதனால் மாற்றிக்கொள்ளுங்கள், நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்.

இதே உறை இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கும். பிரித்துப் பார்க்கிறவர்களுக்குப் பிழை யாருடையது என்று தெரியாது. 'வருந்துகிறோம்' என்று எழுதியவள் என் மகள். பிழை விட்டவள் நான்.

ஊரில் இருந்து வாசிக்கிற நீங்கள், வெளிநாட்டில் இருக்கிற ஆட்களுக்குக் கவலை என்றால் விசாவும் குளிரும் வேலையும்தான் என்று நினைப்பீர்கள். நானும் இதுவரை இந்தப் பத்திரிகைக்கு அதைத்தான் எழுதி வந்தேன். இந்த முறை ஒரு ஜப்பான் கார்ட்டூனைப் பற்றி எழுதப் போகிறேன். சிரியாதேயுங்கோ. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், வயோதிபர் இல்லத்தில் துணி தோய்த்து மடிக்கிறவள். கார்ட்டூனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரியாமல் போயிருந்தால் நல்லது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

2

மகள் டிலானி இங்கே ஹனோவரில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் ஜப்பான் மொழி படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, தமிழ்த் திருப்பலிக்கு வருகிற ஆட்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏன், டொக்டருக்குப் படிக்க ஏலாதோ?" என் வீட்டுக்காரர், "படிக்கலாம். ஆனா ஜப்பான்காரருக்குக் காய்ச்சல் வந்தா அவையோட ஆர் பேசிறது?" என்று சொல்லி வாயை அடைத்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும், "உண்மையா, ஏனப்பா இவளுக்கு ஜப்பான்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது.

படித்து, அங்கே ஒரு வருஷம் போயிருந்து, திரும்பி வந்து, ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். ஜப்பானில் தொலைக்காட்சியில் ஓடின கார்ட்டூன் தொடர்களை வாங்கி, ஜெர்மன் குரல் போட்டு, பெட்டியாகக் கட்டி, வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு வெளியிடுகிற இடம். அந்த வேலையை எனக்கு விளங்கப்படுத்த அவள் பட்ட பாடு.

"நீ படம் கீறுறியோ?"

"இல்லையம்மா, கீறுறது ஜப்பானிலை."

"அப்ப குரல் குடுக்கிறியோ?"

"அதுக்கு வேறை ஆக்கள்."

"அப்ப விக்கிறியோ?"

"அதுக்கும் வேறை ஆக்கள்."

"அப்ப நீ என்னதான் பிள்ளை செய்யிறாய்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிழை வராமப் பாக்கிறன்" என்றாள்.

அவள் சேர்ந்து ப்ரோபெசைற் என்கிற சோதனைக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே எந்த வேலையிலும் முதலில் சில மாதம் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு தொடரை முழுப்பொறுப்பாக அவளிடம் கொடுத்தார்கள். அது சரியாக வந்தால் அவளுக்கு அந்த வேலை நிலைக்கும். இதை அவள் எனக்கு வடிவாகச் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல ஏலாது.

இனி எங்கள் வாசல் சண்டையைச் சொல்ல வேண்டும். டிலானி தனியாக இருக்கிறாள். சனிக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். போகும்போது சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, "நான் போறன் அம்மா" என்பாள். அவள் மனதில் ஜெர்மன் ஓடும், அதை அப்படியே தமிழில் இறக்கிவைப்பாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன்.

"போறன் எண்டு சொல்லாதை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

"அதுதானேயம்மா இதுவும்."

"அதில்லை. போறன் எண்டு சொல்லிறது திரும்பி வராத ஆக்கள்."

"அடுத்த சனி வருவன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். சொல்லிப்போட்டுப் போ."

ஒவ்வொருவர் பக்கத்திலும் காவல் தூதரான சம்மனசு நிற்கிறார், வாயால் வருகிற சொல்லுக்கு அவர் ஆமென் சொல்லிவிடுவார் என்று நான் சின்னதிலிருந்து நம்புகிறேன். எந்தச் சுவாமியாரும் படிப்பித்தது இல்லை. ஆனால் நம்புகிறேன். வீட்டுக்காரர் உள்ளே இருந்து சத்தம் வைப்பார். "விடப்பா, அவளுக்கு டிராம் போகப்போகுது. பிறகு உண்மையாவே போகமாட்டாள்."

ஒரு சனிக்கிழமை டிலானி வந்ததும் வராததுமாக, "அம்மா, நான் ஒரு தொடரை வாங்க வைச்சிட்டன். அதிலை எங்கட வாசல் இருக்கு" என்றாள்.

கதை இதுதான். ஜப்பானில் கடலோரம் ஒரு சின்ன ரயில் நிலையம். நிலையப் பொறுப்பாளருக்கு ஒரு சின்ன மகள். தகப்பனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு காலையில் வாசலில் நின்று, ரயிலுக்குப் போகிற எல்லாருக்கும் 'போட்டு வாங்கோ' என்பாள். அவர்கள் 'போட்டு வாறம்' என்பார்கள். ஜப்பான்காரர் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எங்களைப் போலவே 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வார்களாம். வெறுமனே 'போறன்' என்று சொல்லமாட்டார்களாம். அந்த ரயிலில் தினமும் போகிறவர்களில் ஒரு தமிழ்ப் பெண்ணும் இருக்கிறாள். இலங்கைக்காரி. சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. அவள் மட்டும் தமிழில் 'போட்டு வாறன்' என்பாள். அதற்கு என்ன கருத்து என்று பிள்ளை கேட்கிறாள். அவள் தனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் சொல்லிக் கொடுக்கிறாள். எங்கடையும் உங்கடையும் ஒன்று என்று பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம்.

கடைசியில் அந்தப் பெண்ணுக்கு விசா முடிகிறது. பிள்ளையிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனமில்லை. கடைசி நாள் காலை, 'போட்டு வாங்கோ' என்று பிள்ளை சொன்னதற்கு, 'போறன்' என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறுகிறாள். பிள்ளை கையைக் காட்டுகிறாள். பின்னேர ரயிலில் அவள் இல்லை. அப்போதுதான் பிள்ளை காலையில் கேட்ட சத்தத்தை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். அந்தப் பெண் இன்றைக்குப் பாதிதான் சொன்னாள். அது விளங்கினதும் அழுகிறாள். அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, பேய் இல்லை. யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்தில் கேட்டார்களாம். டிலானி நின்று வாதாடி வாங்க வைத்திருக்கிறாள். அதைத்தான் அவளுடைய முழுப்பொறுப்பில் விட்டார்கள்.

"அங்கை போய்ப் படிக்கேக்கைதான் விளங்கினது, நீங்கள் ஏன் வாசல்லை நிண்டு கத்துறனீங்கள் எண்டு" என்றாள். ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ தேடிக்கொண்டுதான் சொன்னாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

3

"ஜெர்மன் தெரிஞ்ச, ஆனா வடிவாத் தெரியாத ஒரு தமிழ் மனுசி வேணும்" என்று டிலானி ஒருநாள் சொன்னாள்.

"ஆரைப் பிடிக்கப் போறாய்?" என்று நான் கேட்டேன்.

வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே, "அவள் உன்னைத்தான் கேக்கிறாள்" என்றார்.

அந்தப் பெண் ஜப்பானில் உடைத்து உடைத்துப் பேசுகிறாள். ஆகவே ஜெர்மனிலும் அப்படித்தான் பேச வேண்டும். நடிகை ஒருத்தியை வைத்துப் பார்த்தார்களாம். எங்களைப் பகிடி பண்ணுகிற மாதிரி இருந்ததாம். "அதை நான் விடமாட்டன்" என்றாள் மகள்.

நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து என் ஜெர்மனுக்காக வெட்கப்பட்டிருக்கிறேன். அரசாங்கக் கந்தோர்களில் அலுவலர்கள் எனக்குக் காது கேளாது என்று நினைத்தவர்கள் போல உரத்துப் பேசுவார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, பெற்றோர் கூட்டத்தில் வாயே திறக்க வேண்டாம் என்று என்னைக் கேட்டிருக்கிறாள். இப்போது அதே பிள்ளை அந்த உடைந்த பேச்சுத்தான் வேண்டும் என்கிறாள். எனக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியவில்லை. ஓம் என்றேன்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஹெர் பிராண்ட் என்று ஒருவர், தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். ஒலிப்பதிவும் அவர்தான், எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லித் தருகிறவரும் அவர்தான். "பிழைகளைத் திருத்தாதீர்கள், தயவுசெய்து" என்று என்னைக் கேட்டுக்கொண்டார். என் வாழ்க்கையில் ஒரு ஜெர்மன்காரர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தரம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், மைக், எதிரே திரை. காதில் மூன்று 'பீப்' கேட்கும். நாலாவது கேட்க வேண்டிய இடத்தில் நான் தொடங்க வேண்டும். திரையில் அந்தப் பெண்ணின் வாய் திறக்கும்போது நான் திறந்து, மூடும்போது மூட வேண்டும். ஜப்பானில் முதலிலேயே வசனத்தை அளந்துவிட்டு, இத்தனை தரம் திறக்க வேண்டும் என்று வாயைக் கீறுவார்களாம். கீறினதை நாங்கள் மாற்ற ஏலாது. சொல்லைத்தான் அதற்குள் அடக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஹெர் பிராண்ட் கையை உயர்த்தினார். ஏதோ கிலுகிலுக்கிறதாம். காப்பைக் கழற்றினேன். இன்னும் கேட்கிறது. என் சட்டைப் பையில் செபமாலை. அவர் என்ன என்று பார்த்தார். தன்னுடைய மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை மேசையில் விரித்து, "இதில் வைக்கலாமா?" என்று கேட்டார். முடிந்ததும் இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார்.

முதல் நாள் டிலானி கூடவே இருந்தாள். இரண்டாம் நாள் பின்னேரம் அவளுக்கு வேறு டெர்மின், ஒரு அவசரச் சந்திப்பு. பெட்டியின் மேலட்டையில் கடல் நீலம் சரியில்லை என்று ஜப்பானில் இருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "கடைசி வசனம்தானேயம்மா, நீங்கள் செய்வியள்" என்றுவிட்டுப் போனாள். தாளில் தன் கையால் தமிழில் எழுதி வைத்திருந்தாள். 'போரன்.' சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த காலத்தில் இருந்தே அவளுக்கு இந்த ற வராது. அதற்குக் கீழே ஜெர்மனில், 'மிக முக்கியம், சின்னதாக' என்று எழுதி, இரண்டு தரம் கோடு போட்டிருந்தாள்.

திரையில் பெரிய தொப்பிக்குள் அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்க்கிறாள். பீப், பீப், பீப். பெண்ணின் வாய் திறக்கிறது.

"போட்டு வாறன்" என்றேன்.

"கொஞ்சம் நீளம்" என்றார் ஹெர் பிராண்ட். "வாய் மூடிவிட்டது, நீங்கள் இன்னும் பேசுகிறீர்கள்."

திரும்பவும் ஓடவிட்டார். திரும்பவும் அதையே சொன்னேன், விரைவாக. மூன்றாம் தரம் சொல்லை நசித்து நசித்து உள்ளே தள்ளினேன். மறதியில் சொல்லவில்லை. தாள் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே 'போறன்' என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. நான் சொல்லி, பக்கத்தில் நிற்கிற சம்மனசு ஆமென் சொல்லிவிட்டால்?

ஹெர் பிராண்ட் சந்தேகமாகத்தான் கேட்டார். "தாளில் இருக்கிற அதே வசனம்தானே?"

"யா" என்றேன்.

அந்த இரண்டு நாளும் நான் பேசிய ஜெர்மனில் பிழையில்லாமல் வந்த ஒரே சொல் அதுதான். செபமாலை அப்போது என் கையில் இல்லை. அவருடைய மேசையில், அந்தத் துணியில் இருந்தது.

4

பெட்டி வந்தது. வீட்டுக்காரர் மகளிடம் சும்மா வாங்க மறுத்து, தன் பெயரிலேயே எழுதி எடுப்பித்தார். கடல் நீலத்தில் அட்டை, உள்ளே மூன்று தட்டு, ஒரு சின்னப் புத்தகம். திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருக்கிற சுவர்ப் பலகையில் வைத்தார். ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி பார்த்தோம். முடிவில் பெயர்கள் ஓடும்போது என் பெயர் வந்தது. அவர் ரிமோட்டால் நிறுத்திவிட்டு, எழும்பிக் கிட்டப் போய் நின்று வாசித்தார். அதற்குக் கொஞ்சம் கீழே டிலானியின் பெயரும் இருந்தது.

கடைசிப் பகுதி அன்று எனக்குத் தலையிடி என்று சொல்லிப் போய்ப் படுத்துவிட்டேன். அவர் தனியே பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தப் பெட்டை ஏன் கடைசியிலை அழுதது?"

"சின்னப் பிள்ளையள் அழும்தானே."

"இல்லையப்பா, நீ போட்டு வாறன் எண்டுதானே சொன்னனி. பிறகேன் அழுதவள்?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அவர் தமிழர், அவருக்கு விளங்கியது. ஜெர்மன் பிள்ளைகளுக்கு எங்கே விளங்கப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர்களுக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் காது இருக்கிறதே. அவர்கள் இந்தத் தொடர்களைப் பார்க்கிற பார்வை எங்களுக்கு வராது. திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு, ஜப்பான் குரலோடு ஒப்பிட்டு, இணையத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஜப்பானில் அவள் கடைசி நாள் சின்னதாகச் சொல்கிறாள், ஜெர்மனில் எப்போதும் சொல்வதையே சொல்கிறாள், அப்படியென்றால் பாதிதான் சொன்னாள் என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடித்தாள்? கதையே கெட்டுப்போனது என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது உண்மை.

நான் வேலையில், உலர்த்தும் இயந்திரத்தில் இருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது டிலானி எனக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, ஹெர் பிராண்ட் அண்டைக்குப் பழைய வசனத்தை மாறி ஒட்டிப்போட்டார் போல. நீங்கள் போறன் எண்டுதானே சொன்னனீங்கள்?"

சூடான படுக்கைத் துணி ஒன்று என் கையில் இருந்தது.

"அவர் கன தரம் சொல்லுவிச்சவர் பிள்ளை. எதை எடுத்தாரோ, எனக்குத் தெரியாது" என்றேன்.

ஒரு பொய்யை ஆண்டவர் பொறுத்துக்கொள்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பொய்யும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மைச் சொல்லுகளை அடுக்கி, ஒரு நல்ல மனுசனின் தலையில் வைத்துவிட்டேன்.

5

மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்த் திருப்பலி. அதற்கு முன்னால் சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்பார். போய் முழந்தாளில் நின்றேன்.

"ஒரு பொய் சொன்னனான் சுவாமி."

"பெரிய பொய்யோ?"

"ஒரு சொல்லுத்தான் சுவாமி."

மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு பயத்தில் ஒரு முழு செபமாலை சொன்னேன். ஒன்றும் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? அன்றைக்குக் கீறின வாய்க்குள் சொல்லை நசித்துத் தள்ளினது போல, பாவத்தையும் நசித்துச் சின்னதாக்கித்தானே அவர் காதில் வைத்தேன். அவருக்கு நான் தந்த அளவுக்குத்தான் அவர் தண்டனை தந்தார்.

இரண்டு நாள் கழித்து டிலானி திரும்பவும் போன் எடுத்தாள். குரல் களைத்திருந்தது. ஜப்பானில் இருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். மூன்றாம் தட்டை மறுபடி அடித்து, வாங்கின எல்லாருக்கும் அனுப்ப வேண்டுமாம்.

"ஹெர் பிராண்ட் நல்ல மனுசன் அம்மா. மற்றப் பதிவுகளை அவர் வைச்சிருக்கேல்லையாம். தனக்கு மொழி தெரியாது, தான்தான் மாறி எடுத்திருப்பன், தன்ர பிழை எண்டு எழுதித் தந்திட்டார்."

"என்ன எண்டு எழுதினவர்?"

"தன்ர பிழை எண்டு."

"பிள்ளை" என்றேன், "வேலை முடிய இஞ்சை வா."

வந்தாள். கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதவடியில் நின்றாள். அவள் உட்காரட்டும் என்று காத்திருந்தால் எனக்கு வாய் வராது என்று தெரியும்.

"அவர் மாறி எடுக்கேல்லை. நான்தான் மாத்திச் சொன்னனான்."

"மறந்துபோய்ச் சொன்னீங்களோ?"

அவளே எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்தாள். ஓம் என்றால் போதும்.

"இல்லை. தெரிஞ்சு சொன்னனான். அவர் கேட்டவர், அதேதானோ எண்டு. ஓம் எண்டனான்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏன் அம்மா?"

"அந்தப் பிள்ளையைப் பாத்து அப்பிடிச் சொல்ல மனம் வரேல்லை."

"அது கீறின பிள்ளை."

"வாய் என்ரதானே."

"இல்லையம்மா. அங்கைதான் பிழை. அது அந்த மனுசியின்ர வாய். ஆரோ இருந்து அந்தச் சொல்லுக்கு எண்டே அந்த வாயைக் கீறியிருக்கினம். அவ ஏன் அப்பிடிச் சொல்லிறா? அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல அவவுக்கு விருப்பமில்லை, அதுதான். நீங்கள் அவவைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டியள். உங்கட சொல்லை அவவின்ர வாய்க்குள்ள வைச்சு..." நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "எனக்குச் செய்யிற மாதிரி" என்றாள்.

வீட்டுக்காரர் நடையில் நின்றுகொண்டு, "பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்கோவன்" என்றார்.

"வேண்டாம் அப்பா." என்னைப் பார்த்தாள். "எல்லாரின்ர குரலையும் நான் இருந்து கேட்டுப் பாத்துத்தான் கையெழுத்து வைச்சனான். உங்கடையை மட்டும் கேக்காம வைச்சனான். தமிழிலை நான் உங்களைத் திருத்திறதோ எண்டு நினைச்சன்."

போனாள். போறன் என்றும் சொல்லவில்லை, வாறன் என்றும் சொல்லவில்லை.

6

அடுத்த கிழமை அந்த ஒரு வசனத்தைத் திரும்பப் பதிவு செய்ய, நான் லீவு எடுத்துக்கொண்டு அந்தக் கீழ்த்தளத்துக்குப் போனேன். டிலானி எனக்கு முன்னமே வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஹெர் பிராண்ட் எழும்பி வந்து கை தந்தார். வழி முழுக்க டிராமில் சொல்லிச் சொல்லிப் பழகி வந்த வசனத்தைச் சொன்னேன்.

"ஹெர் பிராண்ட், இஷ் ஹாபே கெலேகன்."

அவர் குழம்பிப்போய், "எங்கே?" என்று கேட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் டிலானி கையால் வாயைப் பொத்தினாள். 'கெலோகன்' என்றால் பொய் சொன்னேன். 'கெலேகன்' என்றால் படுத்திருந்தேன். ஓ போட வேண்டிய இடத்தில் ஏ போட்டுவிட்டேன். நான் படுத்திருந்தேன் என்று அந்த மனுசனிடம் பாவமன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மகள் ஒலிபெருக்கியில் திருத்திச் சொன்னாள். அவருக்கு விளங்கியதும் சிரிக்கவில்லை. "ஓ" என்றார். பிறகு, "நான் அன்றைக்கு இன்னொரு தரம் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அதற்கும் அவர் தன் மேலேயே பழியைப் போடப் பார்க்கிறார் என்று எனக்குத் தாங்கவில்லை. "நைன், இல்லை" என்றேன். "நான். நான் மட்டும்."

காப்பைக் கழற்றினேன். கேட்க முன்னமே செபமாலையை எடுத்துக் கொடுத்தேன். அவர் துணியை விரித்தார்.

பீப், பீப், பீப். பிள்ளை அண்ணாந்து பார்த்தாள். எனக்கு வாய் திறக்கவில்லை. திரையில் அந்தப் பெண்ணின் வாய் திறந்து மூடி, ரயில் வந்து, ஓடிப்போனது. ஹெர் பிராண்ட் திருப்பிப் போட்டார்.

இரண்டாம் தரம் நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்தேன். நாலு கோடுதான். எங்கேயோ ஒரு மேசையில் குனிந்து இருந்து, தமிழ் தெரியாத ஒருவர், எங்கள் சொல் ஒன்று சரியாக அடங்க வேண்டும் என்று அந்த நாலு கோட்டையும் கீறியிருக்கிறார்.

"போறன்."

சட்டிக்கு அளவான மூடி போல வந்து இருந்தது. ஹெர் பிராண்ட் தலையை ஆட்டினார். டிலானி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் செபமாலைக்குக் கையை நீட்டினேன்.

7

டிலானியை அந்த நிறுவனம் நிரந்தரமாக எடுக்கவில்லை. சோதனைக் காலம் முடிந்ததும் கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். வருகிற வருஷம் வெளியீடுகள் குறைவு, அதுதான் காரணம் என்று சொன்னார்களாம்.

"உங்களாலை இல்லையம்மா" என்று அவள் சொன்னாள். நான் கேட்க முன்னமே சொன்னாள். அதனால்தான் என்னால் நம்ப ஏலாமல் இருக்கிறது. வேலையின் கடைசிக் கிழமைதான், தட்டோடு வந்த அந்தத் துண்டுக் கடதாசியை எழுதிக் கொடுத்துவிட்டு மேசையை ஒதுக்கியிருக்கிறாள். இப்போது பான் நகரில் ஒரு மொழிபெயர்ப்பு வேலை கிடைத்திருக்கிறது. இனிச் சனிக்கிழமைகளில் வர மாட்டாள். பெருநாளுக்கு வருவாள், லீவு கிடைத்தால்.

போன ஞாயிறு இங்கே இருந்த தன்னுடைய சாமான்களை எடுக்க வந்தாள். இரண்டு பை. நான் கட்டி வைத்திருந்த மீன் பொரியலை மூன்றாவது பையாக்கிக் கொடுத்தேன். தகப்பன் கீழே வரை தூக்கி வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். குளிர்காலம், நாலு மணிக்கே இருண்டிருந்தது. வாசலில் குனிந்து சப்பாத்தைக் கொழுவினாள்.

"சரி, நான் போறன் அம்மா."

வேண்டுமென்று சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் வரும். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வழக்கமான சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்படிச் சொல்லாதை, திருப்பிச் சொல்லு.

அப்போது அந்தத் தொப்பிக்காரப் பிள்ளை நினைவுக்கு வந்தாள். அவள் ஒருவரையும் திருத்தினதில்லை. நிற்கிறவள் சொல்ல வேண்டியதை, அவர்கள் வாய் திறக்க முன்னமே சொல்லிவிடுவாள். எங்கள் வாசலில் நான்தான் நிற்கிறவள். இவ்வளவு காலமும் அவளுடைய பாதியை அவள் வாயில் தேடித் தேடிச் சண்டை பிடித்தேனே தவிர, என்னுடைய பாதியை நான் ஒருநாளாவது ஒழுங்காகச் சொல்லி அனுப்பினேனா?

"போட்டு வா பிள்ளை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வழக்கமான சண்டை வரும் என்று காத்திருக்கிறாள் போல. வரவில்லை என்றதும் பைகளை எடுத்துக்கொண்டு, "ம்" என்றுவிட்டு இறங்கினாள்.

எங்கள் கட்டடத்தில் படி விளக்கு கொஞ்ச நேரம்தான் எரியும், பிறகு தானாக அணைந்துவிடும். அவள் இரண்டு மாடி இறங்குவதற்குள் அணைந்தது. இருட்டில் காலடிச் சத்தம் நின்றது. நான் கையை நீட்டிச் சுவரில் இருந்த பொத்தானை அமத்தினேன். சத்தம் திரும்பவும் கீழே போகத் தொடங்கியது. கீழ்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் பொத்தானில் இருந்து நான் கையை எடுக்கவில்லை.